துரைக்கு எழுதிய இரண்டு பதில்கள்

சிலிம் ரிவர்,
17-9-1926

அன்பு மகள் ஞானம்மாவுக்கு அப்பா எழுதுவது. நல்லூரான் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். யாழ்ப்பாணத்தில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நோய்நொடியின்றி இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, இங்கே மழை விட்டபாடில்லை, மலேரியாக் காய்ச்சல் வராதிருக்கக் கொய்னா மாத்திரை தவறாமல் விழுங்குகிறோம். மனம்தான் சரியில்லை பிள்ளை, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

போன வாரம் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிற அர்ச்சுனன் மரத்தடியிலேயே விழுந்து செத்துப்போனான். மூன்று நாள் காய்ச்சல் அவனுக்கு. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாய் நிறுத்திப் பெயர் கூப்பிட்டபோது சுகமில்லை என்று அவன் சொன்னதைக் கிராணியாய்க் கணக்கெழுதுகிற நானே என் கையால் புத்தகத்தில் பதிந்தேன், துரை கேட்டுக்கொண்டு நின்றும் வேலைக்கு விரட்டினார். அரசாங்கத்து லேபர் ஆபீசர் ஈப்போவிலிருந்து விசாரிக்க வருகிறார் என்றதும் துரை என்னைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அவன் ஒன்றும் சொல்லவில்லை என்று புதிதாய் எழுது, ஊருக்குப் போகிற பெரிய கிராணியின் வேலை உனக்கு, மேட்டு வீடும் உனக்கு என்றார்.

முடியாது என்று நேரே சொல்ல எனக்கு நா எழவில்லை. எழுத்தில் பதில் தருகிறேன் என்று வந்து மேசையில் உட்கார்ந்தேன். ரெஃப்யூஸ் என்று போட்டால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். டிக்ளைன் மரியாதையான சொல், ஆனாலும் கதவைச் சாத்திவிடும். வருந்துகிறேன் என்று ரிக்ரெட்டில் தொடங்கினால் துரை மனம் நோகாது. இருபத்திரண்டு வருஷமாய் இங்கிலீஷில் கடிதம் எழுதுகிற தலைக்கனம் வேறு. ரிக்ரெட் போட்டு, தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி, அடியேன் அதற்குத் தகுதியில்லாதவன் என்று வாலும் வைத்தேன். கிழிக்கச் சொன்ன பக்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, என்ன மனுஷன் நான்!

துரை வாசித்துவிட்டுச் சிரித்தார். நமக்குத் தெரியாதா கிராணி, ஒங்க ஆளுக மொதல்ல வேணாம்னு சொல்லித்தான் வாங்குவாங்க என்று என் தோளில் தட்டினார். நம் வீடுகளில் தேத்தண்ணி நீட்டினால் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தானே வாங்குவோம், அதை அவர் பார்த்திருக்கிறார். அன்றைக்கே பெரிய கிராணி கார்த்திகேசு என்று ஆபீஸ் பலகையில் ஒட்டிவிட்டார். நான் அதைப் பார்த்துவிட்டு மேசைக்குத் திரும்பி வேலையைப் பார்த்தேன். புதன்கிழமை அரிசி மூட்டை எடுத்துவர என்னைத் தஞ்சோங் மாலிமுக்கு அனுப்பிவிட்டு, நான் எழுதிய பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டு, சின்னக் கிராணி சிவானந்தனைக் கொண்டு புதுப் பக்கம் எழுதி வைத்தார்கள். ஆபீசர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார்.

நான் திரும்பியபோது அம்மா பலகைச் சேதி கேட்டுப் பாயசம் காய்ச்சியிருந்தாள். வாசலில் அர்ச்சுனன் பெண்சாதி காளியம்மா நின்றாள். பெரிய கிராணி ஆயிட்டீங்களாம்ல சாமி, எம் புருசன் சொன்னது ஒங்க காதுல விழவே இல்லையாம்ல என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. நான் எழுதவில்லையம்மா என்றேன், பின்னே பலகையில எதுக்குப் பேரு என்று கேட்டாள். அம்மா பாயசத்தை அப்படியே கழிவுநீர் ஓடும் கானில் கொட்டினாள்.

நேற்றுக் காலை ரெஃப்யூஸ் என்ற சொல்லையே எழுதி, ஏன் என்றும் எழுதித் துரை மேசையில் வைத்தேன். லேபர் ஆபீசருக்கும் எழுதியிருக்கிறேன், அந்தப் பக்கம் அடுப்பில் போனபின் யார் நம்புவார்கள்? பெரிய கிராணி வேலை இப்போது சிவானந்தனுக்கு, என்னைத் துரை வேலையை விட்டே நிறுத்திவிட்டார், ஞாயிற்றுக்கிழமைக்குள் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இரண்டாவது கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன், காளியம்மா கதவைத் திறக்கவில்லை. முதல் நாளே இந்தச் சொல்லை எழுதியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும், ஆபீசர் வருமுன் கிழிக்காத புத்தகத்தோடு அவரைத் தேடி ஈப்போவுக்கே போயிருப்பேன்.

நீ அழாதே, இங்கே வரவும் புறப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு, இருமலுக்கு மருந்து எடு. கந்தசுவாமியார் உன்னைக் குறையில்லாமல் காக்கட்டும். இனிமேல் கடிதத்தை ஈப்போ ஸ்டேஷனில் வேலை பார்க்கும் உன் மாமா இராசையாவின் விலாசத்துக்கு அனுப்பு. உறையில் என் பெயருக்குப் பின்னால் கிராணியார் என்று போடாதே.

உன் அப்பா,
கார்த்திகேசு