கேட்டைப் பார்த்து நிற்கும் கறுப்பன்

சன்னாசிமலை ஆண்டவர் துணை

காஜா பேராங், மலாக்கா
2-2-1958

மதிப்புக்குரிய அத்தானுக்குப் பூங்காவனம் வணங்கி எழுதுவது. நானும் சீதாவும் தியாகுவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை போனது; பொய்யாகிவிடுமே என்று விட்டுவிட்டேன். அத்தையின் காரியம் முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்று ஆடியில் உங்கள் ஊருக்குக் கப்பல் ஏறினீர்கள். தைப் பொங்கலும் வைத்தாயிற்று. என் கடிதங்கள் எதற்கும் பதில் இல்லை.

இத்துடன் வரும் அட்டைப் புத்தகம் பிள்ளைகள் செய்தது. வீட்டில் உள்ள வாயில்லா ஜீவன்களைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பலாம் என்பது சீதாவின் யோசனை. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தாள். அதை வெட்டி மைதாப் பசையால் ஓரம் ஒட்டியிருக்கிறாள். உறையின் மேல் உங்கள் பெயரை எழுதியதும் அவள்தான், நான் எழுதக்கூடாதே.

கேமரா பக்கத்து வீட்டுத் தேவதாஸ் அண்ணனுடையது. ஒரு சுருளுக்கு எட்டுப் படம்தான். சேவல் தலையை ஆட்டியதில் இரண்டு பாழ். பூனை மட்டும் அரிசிப் பானை மேல் ஏறி மகாராணி மாதிரி உட்கார்ந்து கொடுத்தது. இந்தப் பூனைக்கு இருக்கிற பொறுமை உன் புருஷனுக்கு இருந்தால் வீடு தங்கியிருப்பானே என்று அண்ணன் மலாயில் சொல்லிச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நம் நாய் கறுப்பனைத்தான் நிறுத்த முடியவில்லை. கருவாடு காட்டினோம், முகத்தைத் திருப்பிக்கொண்டான். தியாகு உள்ளே ஓடிப் போய், சுவரில் சாத்தியிருக்கும் உங்கள் சைக்கிளின் மணியை அடித்தான். அவ்வளவுதான், கறுப்பன் வாசல் கேட்டுக்குப் பாய்ந்துவிட்டான். அண்ணன் அந்த நேரம் பார்த்துக் கேமராவை அமுக்கிவிட்டார். அதனால் படத்தில் அவன் முகம் இல்லை. விறைத்த காதும் வாலும்தான். ஓரத்தில் மங்கலாகத் தெரியும் சேலை என்னுடையது. அடுப்பில் குழம்பு கொதிக்க, மாவுக் கையோடு எதற்காக ஓடி வந்தேன் என்று கேட்காதீர்கள். சைக்கிள் வீட்டுக்குள் நிற்பது எனக்குத் தெரியாதா?

அந்தப் படத்தை ஒட்டாதே என்றேன். இதைத்தாம்மா அப்பா பார்க்கணும் என்று சீதா ஒட்டிவிட்டாள். இருட்டும் வரை கறுப்பன் கேட்டை விட்டு வரவில்லை. இனிமேல் மணியைத் தொடவே மாட்டேன் என்று தியாகு என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

வைரவன் செட்டியார் போன வாரம் ஊரிலிருந்து திரும்பினார். கோயிலில் கண்டு விசாரித்தேன். நீங்கள் சௌக்கியம் என்றார். வீட்டுக்கு வெள்ளையடித்து, வாசலில் பந்தல்கால் நட்டிருக்கிறது என்றும் சொன்னார். சொன்னவர் திருநீறு வாங்கப் போவதுபோல நகர்ந்துவிட்டார். அவர் சம்சாரம் நாகம்மை ஆச்சி நகரவில்லை. தானாவே எழுத்துப் படிச்சே, தம்படி விடாம கணக்கு எழுதுறே, புருஷனை மட்டும் எந்தப் பக்கத்துலடி எழுதி வச்சே என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டார். விபூதியைப் பூசிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்பவர்கள் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் யோசிக்கத் தைரியம் இல்லை. நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லவும் வேண்டாம்.

ஆனால் நீங்கள் திரும்பி வருவதற்கான பர்மிட் பங்குனியோடு முடிகிறது. பர்மிட் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ராஜரத்தினத்திடம் போய் நின்றேன். தேதி தாண்டினால் கரையில் இறங்கவே விடமாட்டாங்கம்மா, இப்ப இது தனி நாடு, அழுது புண்ணியமில்லை என்றார். நான் அழவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மகத்துக்குச் செங் ஊரில் இருக்கும் சன்னாசிமலைக்கு நடந்தே வருவதாக ஆண்டவருக்கு நேர்ந்திருக்கிறேன். நீங்கள் வரவேண்டும் என்று மட்டும்தான் கேட்கப் போகிறேன். எப்படி வரவேண்டும் என்று கேட்க மாட்டேன்.

அத்தான், வந்துவிடுங்கள். தனியாக வர முடியாதபடி ஆகிவிட்டதென்றால் தனியாக வரவேண்டாம். முன்னறையை ஒழித்துக் கழுவி வைக்கிறேன். சித்தி என்று கூப்பிடப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேன். சீதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பங்குனி முடியுமுன் கப்பல் ஏறுங்கள், அது போதும்.

உங்களையும், உங்களோடு வருகிறவர்களையும் கடலில் ஒரு குறையும் இல்லாமல் ஆண்டவர் கரை சேர்க்கட்டும்.

தங்கள் பாதம் பணியும்,
பூங்காவனம்