உயிரோடிருப்பவனுக்கு வீரவணக்கம்

அன்பு மகன் அசோக்குமாருக்கு அப்பா தவசி எழுதுவது. இங்கே மழை பரவாயில்லை, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. சண்டை தொடங்கியதிலிருந்து உங்களைப் போன் பேச விடுவதில்லை என்பதால் கடிதம் எழுதுகிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் பாண்டியராசன் வந்து உன் படம் கேட்டான். தேர்தலில் நிற்கப் போகிறவன், உனக்குத்தான் தெரியுமே. வெள்ளைச் சீருடையில் நீ எடுத்த படத்தைக் கொடுத்தேன். மறுநாள் சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் மாடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ். பின்னால் போர்க்கப்பல், உன் கையில் துப்பாக்கி. கப்பலில் நீ சமையல் வேலை பார்ப்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ரசித்துக்கொண்டு நின்றேன். மேலே 'கடல் காக்கும் எங்கள் சிங்கத்துக்கு வீரவணக்கம்' என்று போட்டிருந்தது. அது செத்தவர்களுக்குப் போடுகிற வார்த்தையாயிற்றே என்றேன். "அட போங்க மாமா, வணக்கத்துல வீரம் சேந்தா கெத்தாத்தான இருக்கும்" என்று சிரித்தான். நானும் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் அங்கேயே கூட்டம். என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு, நீ நடுக்கடலில் நாட்டுக்காக உயிரை விட்டதாகவே பேசினார். பாண்டியராசன் வாயைத் திறக்கவில்லை. உன் படத்துக்கு மாலை விழுந்தது, எனக்குச் சால்வை. கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. என் மகன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையப்பா. டீக்கடையில்கூட எனக்காக யாரும் எழுந்து இடம் கொடுத்ததில்லை. அத்தனை பேர் நிற்பதைப் பார்த்ததும், துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உனக்காக வேண்டிக்கொள்ள அழகர்கோவில் போயிருந்த அம்மா அந்த நேரம் பார்த்து பஸ்ஸை விட்டு இறங்கினாள். மாலை போட்ட உன் படத்தையும், அதன் கீழே அழுகிற என்னையும் பார்த்து, நடுரோட்டிலேயே விழுந்துவிட்டாள்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் நம்பவில்லை. "பின்ன எதுக்கு அழுதீக?" என்று அதையேதான் கேட்கிறாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று அந்த ஃபிளெக்ஸைக் கிழிக்கப் போனேன். வீரன் படத்தில் கை வைக்கிறாயா என்று இளவட்டங்கள் அடிக்க வந்துவிட்டார்கள். நான்தான் அவன் அப்பா என்றேன். "அப்ப நீங்களே இப்பிடிச் செய்யலாமா?" என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

உன் ஆபீசரிடம் கெஞ்சியாவது அம்மாவிடம் ஒரு நிமிஷம் பேசு அய்யா. உன் குரலைக் கேட்டால்தான் அவள் பிழைப்பாள். டிவியில் கப்பலைக் காட்டும்போதெல்லாம் இப்போது நான் எழுந்து போய் அணைத்துவிடுகிறேன். ஆனால் என்னிடம் பேச வேண்டாம். போனை அப்பாவிடம் கொடு என்று மட்டும் சொல்லிவிடாதே.

நீ நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தவசி