சக்கரத்தில் இல்லாத பெயர்

ஜூலை 6

என் செல்லத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், உன் மகள் மிளகும் நலம். வந்த புதிதில் உன்னைக் கேட்டு அழுதவள், இப்போது என் தலையணையைப் பிடுங்கிக்கொண்டு தூங்குகிறாள். பதில் போடத் தாமதமாகிவிட்டது, திட்டாதே. போனில் பேச உனக்கு வார்த்தை சிக்குகிறது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறாய். எனக்கோ வாய்தான் நீளம், பேனா நகராது.

பள்ளிக்கூடத்தில் புதுக் கூத்து. தலைமையாசிரியை ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தார். ஆசிரியர்களுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் அள்ளிவந்து எங்கள் தலையில் கொட்டிவிட்டார். பின்னத்தை வெட்டி வெட்டிக் காட்டும் படம், தானே திருத்தி மதிப்பெண் போடும் வினாத்தாள், அச்செடுத்தால் போதும் என்கிற பயிற்சித்தாள். சும்மா கிடைப்பது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று முதலில் முகம் சுளித்தேன். கணக்கு என்றாலே தூங்கி வழியும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அதிலும் பெயர்ச் சக்கரம் என்றால் அவர்களுக்கு உயிர். வகுப்பில் இருப்பவர்களின் பெயர்களை அடித்துக் கொடுத்தால் திரையில் கலர் கலராக ஒரு சக்கரம் வரும். தட்டினால் சுற்றும். யார் பெயரில் நிற்கிறதோ அவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கைதட்டல் சத்தம்கூட அதுவே போடும்.

நேற்று அது மிளகின் பெயரில் நின்றது. எழுந்தாள். உன் திக்கல் அவளுக்கும் வந்திருக்கிறதே, முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். கைதட்டல் ஓய்ந்தும் அவளுக்கு வார்த்தை வரவில்லை. பின்பெஞ்சில் ஒருவன் சிரித்தான். நானே பதிலைச் சொல்லி அவளை உட்காரவைத்தேன். வகுப்பில் அவளுக்கு நான் டீச்சர், வீட்டில் பெரியம்மா. அந்த நேரத்தில் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. என்ன செய்யட்டும், நீயே சொல்.

உன் அக்கா


ஜூலை 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வேலையே ஓடவில்லை. சொந்த மகளை உன்னிடம் விட்டுவிட்டு, இங்கே பரிசோதனைக் கூடத்தில் யார் யாருடைய ரத்தத்தையோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொடுப்பதற்கு வேறு ஒன்றுமே இல்லாததுபோல இந்தத் திக்கலைப் போய்க் கொடுத்திருக்கிறேன் பார்.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அந்தச் சக்கரத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிடு. அவளுக்குத் தெரிய வேண்டாம். நாம் படித்த பள்ளியில் உன் வகுப்பும் என் வகுப்பும் ஒரே ஹாலில் நடக்குமே, நான் திணறினால் பக்கத்து வரிசையிலிருந்து எழுந்து நீ பதில் சொல்லிவிடுவாய். கடையிலும் நீதான் பேசுவாய், விருந்தாளி வந்தாலும் நீதான் பேசுவாய். அவளுக்கும் அப்படி ஒரு நிழல் இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. அவளை மட்டும் கவனித்துவிட்டு நீ பட்டினி கிடக்காதே.

உன் தங்கச்சி


ஆகஸ்ட் 3

என் தங்கச்சிக்கு,

நீ சொன்னபடியே எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரியை அழிக்கிற வேலை, நொடியில் முடிந்தது. மனசுதான் இன்னும் அடங்கவில்லை.

வகுப்பு என்னவோ அமர்க்களமாக நடக்கிறது. போன வாரம் ஒரு இலவசத் தளத்திலிருந்து கோள்களின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் நகரவில்லை. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருக்க, நான் மட்டும் திருட்டு முழி முழித்துக்கொண்டு நிற்கிறேன். சக்கரத்தைச் சுற்றும்போதெல்லாம் மிளகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்க்கிறாள். நின்றதும் கையை எடுக்கிறாள். நிம்மதி என்றுதான் நினைத்திருந்தேன்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவள் ஏதோ முணுமுணுப்பாள். பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று துண்டு கொடுக்கப் போனபோது காதில் விழுந்தது. கோள்களின் பெயர்கள்! ஒவ்வொன்றாக, சிக்கிச் சிக்கி, திரும்பத் திரும்ப. வெளியே வந்தவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏன் பெரியம்மா, சக்கரம் எம் பேர்ல மட்டும் நிக்கவே மாட்டேங்குது?"

"அதுக்கென்ன தெரியும் கண்ணு, அதுபாட்டுக்கு சுத்துது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். பிள்ளைகளைப் பொய் சொல்லக் கூடாது என்று தினமும் அதட்டுகிற வாய் இது. திரும்பச் சேர்த்துவிடட்டுமா? நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன் அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். பொய் சொன்ன பாவம் உனக்கு வேண்டாம், சொல்லச் சொன்னவள் நான்தானே, என் கணக்கில் இருக்கட்டும்.

தங்கச்சி


ஆகஸ்ட் 21

தங்கச்சி,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

இன்று காலை வகுப்பில் சக்கரத்தைச் சுற்றினேன். அது மிளகின் பெயரில் நின்றது. நான் அழித்த பெயர்! அவள் எழுந்தாள். நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நெட்ல ஏதோ கோளாறு" என்று சொல்லி மறுபடியும் சுற்றிவிட்டேன். வேறொரு பிள்ளையின் பெயர் வந்தது. அந்தப் பிள்ளை பதில் சொல்லி முடிக்கும்வரை மிளகு உட்காரவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரே வந்து நின்றாள். "நா... நான்தான் சேர்த்தேன் பெரியம்மா" என்றாள். வீட்டுப்பாடத்துக்கு என் மடிக்கணினியைத் திறந்தபோது பெயர்களைப் பார்த்திருக்கிறாள். தன் பெயர் இல்லை என்று தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்காமல் தானே அடித்துச் சேர்த்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். "எம் பேர்லதானே நின்னுச்சு? எனக்குப் ப... பதில் தெரியும். நீங்க ஏன் சுத்துனீங்க?"

அம்மா சொன்னாள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் இரண்டாவது முறை சுற்றியது நீ இல்லை, நான். குழந்தை துணிந்து எழுந்தபோது பயந்து ஓடியவள் நான். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள், ஆனால் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. தன் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்தில் போய்ப் படுத்துவிட்டாள்.

அக்கா


ஆகஸ்ட் 28

அக்கா,

உன்னைத் திட்டி எழுதிக் கிழித்துப் போட்டேன். என்னைத் திட்டி எழுதினேன், அதையும் கிழித்தேன்.

இங்கே என்னைப் பிரிவுக்குத் தலைவியாக்கப் பார்த்தார்கள். தினமும் காலையில் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவே இல்லை. பேசுவதற்கு இங்கே நீ இல்லையே என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

கோபத்தில் எழுதவில்லை, ஆனாலும் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஹாலில் நீ எனக்காக எழுந்து நின்றாயே, அப்போதெல்லாம் எனக்கும் பதில் தெரியும் அக்கா.

தங்கச்சி


செப்டம்பர் 10

என் தங்கச்சிக்கு,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு மூன்று தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். அன்பில்தான் செய்தேன், அது மட்டும் உனக்குத் தெரியும். தப்பு தப்புதான்.

இன்று தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் போனால் மிளகு நிற்கிறாள். அடுத்த பிரிவுக்கு மாற்றிவிடச் சொல்லித் தானே போய்க் கேட்டிருக்கிறாள். தலைமையாசிரியை காரணம் கேட்டார். "பெ... பெ..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். மிளகும் என்னைப் பார்த்தாள். அவளுக்காக நானே சொல்லிவிட வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"பெரியம்மாவுக்கு எம்மேல ரொம்பப் பாசம் டீச்சர். நான் எ... எழுந்தாலே பயந்துடறாங்க. அதைப் பாத்தா எனக்கும் பயமாயிடுது."

முழுதாகச் சொன்னாள், தங்கச்சி. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் மாற்றல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

மதியம் அடுத்த பிரிவு டீச்சர் என்னிடம் வந்தார். "உங்க பொண்ணு நாளையிலிருந்து என் வகுப்பாமே. அவளைப் பத்தி நான் ஏதாவது தெரிஞ்சு வச்சுக்கணுமா?" என்று கேட்டார். அவளுக்கு நேரம் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள், சிரிக்கிற பையனை முன்னால் உட்காரவையுங்கள் என்று எல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

"அவகிட்டயே கேளுங்க டீச்சர்" என்றேன்.

உன் அக்கா