அண்ணன் வைத்த பத்து நொடி

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். சாக்ஸ் காயவே இல்லை.

ஸ்கூல் லேபில் கம்பைலரை மூன்று தடவை பில்ட் பண்ணினேன், அதாவது அதன் ஃபைல்களையெல்லாம் சேர்த்து ஓடுகிற நிலைக்குக் கொண்டுவருவது. ஒரு தடவைதான் சரியாக வந்தது. நானும் அண்ணனும் சேர்ந்து எழுதியது; தமிழில் எழுதுகிற நிரலை ஓட்டும். வெள்ளிக்கிழமை கண்காட்சியில் எல்லார் முன்னாலும் பில்ட் பண்ண வேண்டும். மிஸ் சொல்லிவிட்டார்: "ஒழுங்கா வந்தா மாவட்டப் போட்டிக்கு நீ. இல்லேன்னா மழைநீர் சேமிப்பு செஞ்ச குரூப் போகும்."

அண்ணன் கப்பல் வேலையில். கரைப் பக்கம் வந்தால்தான் போன்.

அம்மா: "ஏளா, அவன் செஞ்சதுல கைய வைக்காத. வந்து பாத்துக்கிடுவான்." அவன் வர தை மாசம் ஆகும். அம்மா தூங்கின பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

நல்ல மழை. மிஸ்ஸின் லேப்டாப் லினக்ஸ். அதில் ஐந்து தடவை, ஐந்தும் வந்தது. லேபில் இருக்கிற விண்டோஸில் மட்டும்தான் உடைகிறது.

பில்ட் ஃபைலில் தேடினேன். விண்டோஸுக்கு மட்டும் தனியாக ஒரு துண்டு. பத்து நொடி நில், பிறகு முதல் பகுதியைக் காப்பி பண்ணு. மேலே அண்ணனின் குறிப்பு: "ஏளா, தொடாத. தொட்டா உடையும்."

வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்காக வைத்தது. அது ஃபைலை எழுதினால் உடனே விடாது. திரை அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் ஆளுக்கொரு மக்ரூன், எங்க ஊர் முந்திரி இனிப்பு. பத்து எண்ணுவதற்குள் தின்ன வேண்டும். அண்ணன் எண்ணுவான். நான் சிரித்து, கீபோர்டெல்லாம் முந்திரித் தூள். "ஏளா, ஸ்பேஸ் கீ ஒட்டிக்கிச்சு, நீயே நக்கி எடு!" ஒரு தடவைகூட நான் தோற்றதில்லை.

ஹார்பரில் கப்பல் சங்கு. அவன் கப்பலாக இருக்காது.

நவம்பர் 12, புதன்

லேப் மெஷின் ஒரே சமயத்தில் நாலு வேலை செய்கிறது. அண்ணனின் வரி பத்து நொடி கழித்துக் காப்பி பண்ணும்போது, இன்னொரு வேலை அதே ஃபைலைப் பாதியில் வாசிக்கிறது. அதனால்தான் உடைகிறது. 'முதல் பகுதி முடிந்த பிறகே இரண்டாவது' என்று எழுதினால் எல்லா மெஷினுக்கும் ஒரே வழி. அந்தத் துண்டைத் தூக்க வேண்டும்.

பெல் அடிக்கும்வரை கை போகவில்லை. பக்கத்து சீட் செல்வி: "என்னளா, பேயப் பாத்தவ மாரி இருக்க?"

அழித்தேன். ஏழு வரி. குறிப்பையும்.

மதியம் இருபது தடவை ஓட்டினேன். இருபதும் வந்தது. சந்தோஷமே வரவில்லை. அண்ணனிடம் எப்படிச் சொல்ல?

நவம்பர் 14, வெள்ளி

வெயில். எல்லார் முன்னாலும் மூன்று தடவை. எங்கேயும் நிற்கவில்லை. மாவட்டப் போட்டிக்கு என் பெயர். பையில் மக்ரூன் பொட்டலம். பிரிக்க நேரமே இல்லை.

சாயங்காலம் அண்ணன் போன். அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனதும் சொல்லிவிட்டேன்.

சிரிக்கிறான். "தூக்கிட்டியா? அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு செகண்டே போதும்ளா."

"பொறவு எதுக்குண்ணே பத்து வச்ச?"

"நீ மெதுவாத்தான திம்ப."