பெரிய வளைவில் ஓர் இழுப்பு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

கப்பல் தானாகத் திரும்பியது! என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சுக்கான் முழுக்க வலது பக்கம் கிடக்கிறது, மூக்கு இடது பக்கம் போகிறது. பதினொரு தடவை ஓட்டினோம். பதினொரு தடவையும் அதே கதை.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. கடிதமென்றால் கிழிப்பதற்கு முன் நாலு வரியாவது படிப்பாய், அந்த நாலு வரிக்குள் முக்கியமானதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவசரம். அண்ணி எப்படி இருக்கிறாள்? முட்டி வலி தேவலையா?

உங்கள் துறைமுகத்துக்கு இன்னும் நீளமான கப்பல்கள் வரப்போகின்றனவாம். நீங்கள் எல்லோரும் ‘பெரிய வளைவு’ என்று சொல்லும் இடத்தில் அவை பத்திரமாகத் திரும்புமா என்று ஆராய்ந்து சொல்லும் வேலை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கிறது. எங்கள் சோதனைத் தண்ணீர்த் தொட்டியின் தரையில் அந்த வளைவுக் கால்வாயைச் சிறிய அளவில் அப்படியே செய்து வைத்தோம். பழைய வரைபடத்தைப் பார்த்துச் செய்யவில்லை. போன மாதம் புதிதாக ஆழம் அளந்த கணக்கைப் பார்த்துச் செய்தோம். அங்கேதான் குட்டு உடைந்தது. வலது கரை வெளியே பார்த்தால் பழைய இடத்திலேயே இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் வண்டல் சேர்ந்து நாற்பது மீட்டர் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது!

நீ ஓட்டிய கப்பலைத்தான் முதலில் செய்யச் சொன்னேன். நூற்றுத் தொண்ணூற்றாறு மீட்டர் கப்பல், எங்கள் தச்சர் கையில் நாலு மீட்டர் ஆகிவிட்டது. அதற்கு அவர் ‘வாத்து’ என்று பெயர் வைத்திருக்கிறார். வாத்து வளைவுக்கு வந்ததும் கரைக்கும் அதற்கும் நடுவே தண்ணீர் ஒடுங்கி விறுவிறுவென்று ஓடுகிறது. அந்தப் பக்கம் அழுத்தம் குறைகிறது, வால் கரையை நோக்கி இழுபடுகிறது. வால் வலது பக்கம் போனால் மூக்கு எங்கே போகும்?

மூன்று வருடத்துக்கு முன்பு, உன் கப்பல் தரை தட்டிய விசாரணை முடிந்த வாரம், உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அண்ணி முன்னாலேயே, “கப்பல் தானாத் திரும்பாதுண்ணா, யாராவது திருப்பினாத்தான் திரும்பும்” என்று சொன்னவள் நான்தான். பழைய வரைபடத்தில் கரை அவ்வளவு தள்ளி இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், இழுக்காது என்று வந்தது. கணக்கு சரி, கரை தப்பு. நீ சொன்னதை நம்பாமல் காகிதத்தை நம்பினேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் தங்கை,
வாலு

*

ஜனவரி 17

வாலுவுக்கு,

அண்ணிக்கு முட்டி அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தை அவள்தான் முதலில் படித்தாள், படித்துவிட்டு என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நீ இப்போது பார்த்ததை நான் அன்றைக்கே பார்த்தேன். சுக்கான் பிடித்த மாலுமி என்னைத் திரும்பிப் பார்த்த முகம் இன்னும் மறக்கவில்லை. “சார், வலதுலதான் வெச்சிருக்கேன் சார்!” என்று கத்தினான். இடது கரையில் ஏறி நின்றோம். இருபத்திரண்டு வருடம் முன்பின் தெரியாத கப்பல்களில் ஏறி, அவற்றைத் துறைமுகத்துக்குள் கூட்டிவந்த பைலட் நான். இப்போது மிதவைப் படகில் பெயிண்ட் வாளியோடு சுற்றுகிறேன். கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவைகளில் பாசி சுரண்டுகிறேன். அவை என்னோடு வாதம் செய்வதில்லை.

உன் தொட்டியில் தரை தட்டினால் யாருக்கும் வேலை போகாது. சந்தோஷமாக இரு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் அன்றைக்கு இயந்திரத்தைக் குறைக்கச் சொன்னேன். உன் வாத்து குறைத்ததா?

அண்ணன்

*

ஜனவரி 24

அன்புள்ள அண்ணா,

நீ கேள்வி கேட்டிருக்கிறாய்! கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி ஓடினேன். தச்சர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குறைக்கவில்லை. அதைச் செய்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. உடனே ஓட்டினோம். உங்களுக்கு ஏழு நிமிடத்தில் நடப்பது எங்கள் தொட்டியில் ஒரே நிமிடத்தில் நடந்து முடிந்துவிடும், ஆகையால் நான்கு நாளில் முப்பது ஓட்டம். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

எட்டு நாட் வேகத்தில் வந்து, வால் இழுபட்டதும் இயந்திரத்தைக் குறைத்தால், பத்துக்குப் பத்தும் தரை தட்டுகிறது. சுக்கானுக்கு உயிர் கொடுப்பது பின்னால் சுழலும் விசிறி தள்ளும் தண்ணீர். அது நின்றால் சுக்கான் வெறும் தகடு. அதே எட்டு நாட் வேகத்தில், குறைப்பதற்குப் பதிலாக இயந்திரத்தைச் சற்று நேரம் முடுக்கிவிட்டால் பத்தில் மூன்று தப்புகிறது. ஆறு நாட் வேகத்தில் வந்து முடுக்கினால் பத்துக்குப் பத்தும் தப்புகிறது! கரையின் இழுப்பு வேகத்தோடு தாறுமாறாக ஏறுகிறது, அண்ணா; வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே பாதியாகிவிடுகிறது.

ஆக, நீ செய்தது உதவவில்லை. ஆனால் எந்தப் பைலட்டும் அதைத்தான் செய்திருப்பார். கரை எங்கே இருக்கிறது என்று யாரும் உன்னிடம் சொல்லவில்லை.

இப்போது ஒரு சிக்கல். ஏப்ரல் கடைசியில் முதல் நீளக் கப்பல் வருகிறது. நம் வாத்தின் மூத்த அண்ணன், இருநூற்று நாற்பது மீட்டர். துறைமுக அதிகாரிகள் வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, “பொம்மைக் கப்பலை வெச்சு எங்களைப் பயமுறுத்தாதீங்க” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நிஜக் கப்பல்ல இது நடந்ததுக்கு இன்னும் சாட்சி வேணும். ஒரு விபத்து போதாது, அதையும் உங்க அண்ணன்தான் ஓட்டினார்னு சொல்லுவாங்க” என்றார்.

விபத்துக்கு முன்னால் எப்போதாவது அந்த இடத்தில் வால் இழுத்திருக்கிறதா? யாராவது அப்படிச் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறாயா?

வாலு

*

பிப்ரவரி 20

வாலுவுக்கு,

நான்கு வாரம் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

இழுத்திருக்கிறது. விபத்துக்கு முந்தின வருடம் இரண்டு தடவை. ஒன்று ஜூன் மாதம், தானியக் கப்பல். இன்னொன்று அக்டோபரில், எண்ணெய்க் கப்பல். இரண்டுமே சின்னவை, மூக்கு லேசாக உதறியது, சமாளித்து உள்ளே கொண்டுவந்துவிட்டேன். என் நாட்குறிப்பில் தேதியும் நேரமும் இருக்கின்றன. பதிவேட்டில் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் என்றால், சொன்னால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். என்னைவிட மூத்த பைலட் ஒருவர் அப்படி ஏதோ சொன்னபோது, பைலட் அறையில் உட்கார்ந்து “வயசாயிடுச்சு, கை நடுங்குது” என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் யாராவது ஆழம் அளந்திருப்பார்கள். கப்பல் தரை தட்டியிருக்காது. இயந்திர அறையில் விழுந்து தோள் உடைந்த அந்த மனிதர் இன்றும் கையை மேலே தூக்க முடியாமல் இருக்கிறார். விசாரணையில் நான் தாமதமாகக் கட்டளை கொடுத்தேன் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அநியாயம் என்று மூன்று வருடம் குமுறினேன். உன் மேல் கோபத்தை வளர்த்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது. அந்தக் கோபம் இருக்கும்வரை இந்த இரண்டு தேதிகளை நான் நினைக்க வேண்டியதில்லை.

நாட்குறிப்பின் பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணன்

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

பக்கங்கள் கிடைத்தன. அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்த இரண்டு கப்பல்களின் நீளம், வேகம், அன்றைய நீர்மட்டம் எல்லாவற்றையும் தேடி எடுத்து வாத்தை அதற்கேற்ப மாற்றி ஓட்டினோம். ஜூன் மாதக் கப்பல் எந்த இடத்தில் உதறியது என்று நீ குறித்திருக்கிறாயோ, அதற்கு ஒரு கப்பல் நீளம்கூடத் தள்ளாமல் வாத்து உதறியது! தலைவி அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். எதற்கும் எழாத மனுஷி அவர்.

ஆனால் சந்தோஷத்துக்கு நடுவே ஒரு பயம். இது அறிக்கையில் வந்தால் உன் வழக்கை மறுபடி எடுப்பார்கள். கட்டளையில் தவறில்லை என்று நீ வெளியே வருவாய். தெரிந்தும் சொல்லாமல் இருந்தாய் என்று வேறு வாசல் வழியாக உள்ளே மாட்டுவாய். அதனால் ‘பெயர் சொல்ல விரும்பாத ஒரு பைலட்’ என்று போட்டுவிடலாமா? தலைவி அம்மா ஒத்துக்கொள்வார். அறிக்கைக்குக் கொஞ்சம் பலம் குறையும், அவ்வளவுதான்.

நீ சொல்கிறபடி செய்கிறேன். அண்ணியையும் கேட்டுச் சொல்.

வாலு

*

மார்ச் 10

வாலுவுக்கு,

பெயரைப் போடு. அண்ணியைக் கேட்டேன். “ஒளிச்சு வெச்சதுதானே இவ்வளவு நாள் உங்களைத் தின்னுச்சு? போடச் சொல்லுங்க” என்றாள்.

இன்னொன்றும் செய்தேன். நேற்றுக் காலை, மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பைலட் அறைக்குப் போனேன். பெயிண்ட் அப்பிய சட்டையோடுதான். ஏழு பேர் இருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அந்த இரண்டு தேதிகளையும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்திருக்கவே வேண்டாம் என்று கதவுப் பக்கம் திரும்பினேன்.

அப்போது நாங்கள் ‘கண்ணாடி’ என்று கூப்பிடுகிறவர், விசாரணையில் எனக்கு எதிராகப் பேசியவர், “எனக்கும் இழுத்துச்சுண்ணே” என்றார். “போன மழைக்காலத்துல. யார்கிட்டயும் சொல்லல.”

“எப்ப? எந்த இடத்துல?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். “மூணாம் மிதவை தாண்டினதும்.” “அட, எனக்கும் அங்கதான்யா!”

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. ஏழு பேரில் ஐந்து பேருக்கு நடந்திருக்கிறது. என்னையும் சேர்த்து ஆறு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம். வரைபடத்தை மேஜையில் விரித்து ஆளுக்கொரு புள்ளி வைத்தார்கள். என் புள்ளிகளையும் சேர்த்து ஏழு. ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். காகிதம் இத்துடன் இருக்கிறது.

இனி எவன் பொம்மை என்று சொல்கிறான் பார்ப்போம்.

அண்ணன்

*

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணா,

நான் ஏறினேன்! கயிற்று ஏணியில், கீழே கடல் நெளிய நெளிய, இருநூற்று நாற்பது மீட்டர் கப்பலில் நான் ஏறினேன்! பைலட்டுகளின் கையெழுத்தைப் பார்த்து நம் அறிக்கையை ஏற்றுக்கொண்டபின், அளவெடுக்க ஆள் வேண்டும் என்று துறைமுகமே கேட்டது, பொம்மைக்காரி கிளம்பிவிட்டேன். இருபத்திரண்டு வருடம் இந்த ஏணியில் எப்படித்தான் ஏறினாயோ. என் வீட்டுக்காரர் கேட்டதற்கு ‘படிக்கட்டு மாதிரி’ என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

கண்ணாடிதான் பைலட். நம் அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எல்லாம் நாம் எழுதியபடியே: ஆறு நாட் வேகம், பின்னால் இழுவைப் படகு கட்டியாயிற்று, வலது பக்க மிதவைகள் எல்லாம் நீ நகர்த்தி வைத்த புது இடத்தில். மூன்றாம் மிதவை வந்தது. கப்பலின் கட்டளை அறையில் எல்லோரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். என் கருவியில் முள் அசைந்தது. வால் இழுக்க ஆரம்பித்தது! தொட்டியில் நூறு தடவை பார்த்ததுதான். காலுக்கு அடியில் அவ்வளவு பெரிய இரும்பு நழுவும்போது பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“முடுக்குங்க,” என்றார் கண்ணாடி. குரல் ஏறவே இல்லை. தளம் அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பதினெட்டு வரும்போது மூக்கு நின்றது. நின்று, யோசித்து, மெதுவாக வலது பக்கம் வந்தது. வளைவு முழுக்க ஒழுங்காகத் திரும்பிக் கொடுத்தது. சுக்கான் பிடித்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், அவர் பயந்திருப்பார்.

கீழே உன் படகைப் பார்த்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றாய். அண்ணா, கைகளை வளைவு முடியும்வரை இறக்கவே இல்லையே நீ!

வாலு

*

ஜூன் 14

என் அன்புத் தங்கைக்கு,

மறுவிசாரணையின் முடிவு வந்துவிட்டது. கட்டளையில் தவறு இல்லை, கரை நகர்ந்தது வரைபடத்தில் இல்லாததே காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். முன்பே தெரிந்ததைச் சொல்லாததற்காக இன்னும் ஆறு மாதம் கப்பல் ஏறக் கூடாது. அதற்குப் பிறகு தேர்வு எழுதித் திரும்பலாம்.

நீ மேல்முறையீடு என்று குதிப்பாய் என்று தெரியும். வேண்டாம். தோள் உடைந்தவரை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். “இதை அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே சார்” என்றார். கோபத்தோடுதான் சொன்னார். ஆனாலும் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அந்த ஆறு மாதத்தை நான் முழுசாக இருந்து முடிக்கிறேன்.

இதெல்லாம் கிடக்கட்டும், எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. இன்று காலை மிதவையில் விளக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். வானொலியில் கண்ணாடியின் குரல், உள்ளே வருகிற ஒரு கப்பலிலிருந்து. “அண்ணே, நாலாம் மிதவை பக்கம் இன்னைக்கு லேசா இழுத்துச்சு. பதிவேட்டுல எழுதிட்டேன். எல்லாருக்கும் சொல்லிட்டேன். நீங்க கொஞ்சம் பாத்துடுங்க.”

நாலாம் மிதவை! நம் அறிக்கையில் அந்த இடமே இல்லை. விளக்கை அப்படியே போட்டுவிட்டுப் படகைத் திருப்பினேன். குறுக்கும் நெடுக்குமாக நாற்பத்தாறு இடத்தில் ஆழம் பார்த்தேன், சாப்பிடக்கூட இல்லை, அண்ணி திட்டித் தீர்த்துவிட்டாள். இடது கரையும் அடியில் நகர ஆரம்பித்திருக்கிறது, வாலு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கணக்கு தெளிவாகச் சொல்கிறது.

நாற்பத்தாறையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். தபாலை நம்பாமல் நானே எடுத்துக்கொண்டு நாளைக் காலை முதல் வண்டியில் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும், அதனால் இதை இன்றிரவு போனிலும் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் தண்ணீரை நிரப்பச் சொல், இந்தத் தடவை சுக்கான் என் கையில்.

உன் அண்ணன்