குள்ள மண்டலத்தில் ஒரு பேய்

செப்டம்பர் 14

மழை. காக்கசஸ் மலை முழுவதும் கரைந்து கருங்கடலில் கலந்துவிட்டது. எஞ்சியிருப்பவை எங்கள் தொலைநோக்கி, கேண்டீன், சவேலி இலாரியோனிச் ஆகிய அடியேன். கேண்டீன் குலிஸ்தான் என் தட்டில் பாலாடைக்கட்டி வைத்த சூடான கிச்சின் ரொட்டியைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "வானத்துக்கு உங்களக் கண்டாலே ஆகலை போலிருக்கே. என்ன பண்ணுனீங்க அதை?"

கீரா மட்டும் துள்ளிக்கொண்டிருக்கிறாள். என் செத்துப்போன தங்கையின் மகள். இங்கே தற்காலிக ஆய்வாளர். போன மாதம் அவள் படம்பிடித்த குட்டி விண்மீன் மண்டலத்தில், ஒரே இடத்தில் வாயு இரண்டு வேகங்களில் ஓடுகிறதாம்.

"வெளியிலேர்ந்து வாயு வந்து விழுது மாமா. அங்க திரும்பவும் நட்சத்திரம் பிறக்கப் போவுது!"

"பேர் வைக்கிற விழாவுக்கு நான் கோட்டு தைக்கணுமா?"

"தைங்க. பத்து கோடி வருஷம் இருக்கு, தையக்காரர் முடிச்சிருவார்."

நவம்பரில் நிரந்தர வேலைக்கான தேர்வு. இந்த வாயு விழுந்தால் அவள் இங்கே இருப்பாள். விழாவிட்டால் கிராஸ்னதார் நகரத்தில், ஒரு வங்கியில்.

செப்டம்பர் 16

பெரிய மண்டலத்தில் நட்சத்திரங்கள் வெடித்து வாயுவைத் தூக்கி எறிந்தாலும் அது திரும்பி வந்து விழும். கீராவுடையது போன்ற குள்ள மண்டலத்துக்கு அந்த இழுப்பு கிடையாது. ஒரு தலைமுறை ஆட்டம் போட்டால் வாயு போயே போய்விடும். அப்புறம் கிழட்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கும்.

எங்கள் குடியிருப்பைப் பற்றி எழுதவில்லை. வானியல் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் பிள்ளைகளைவிட வாத்தியார்கள் அதிகம்.

செப்டம்பர் 23

கீராவின் வரைபடத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 24

சரி, எழுதித் தொலைக்கிறேன். எங்கள் கருவியில் இரண்டு கண்ணாடித் தட்டுகள். அவற்றுக்கிடையே ஒளி முட்டி மோதி வேகவாரியாகப் பிரியும். ஆனால் பிரகாசமான ஒரு திட்டு இருந்தால் அதன் பொய் நிழல் எதிர்ப்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பேய் என்போம். அதனால்தான் இங்கே எதையும் ஒரே கோணத்தில் எடுத்து நம்புவதில்லை. கருவியைத் திருப்பி இன்னொரு முறை எடுப்போம். மெய்யான வாயு இருந்த இடத்திலேயே இருக்கும்; பேய் இடம் மாறி ஓடும்.

கீரா படமெடுத்த அன்றைக்கு முதல் கோணம் முடிந்ததுமே மேகம் வந்துவிட்டது.

அவளுடைய இரண்டாவது வேகம் இருப்பது ஒரு பிரகாசத் திட்டுக்கு நேர் எதிரே. அந்தத் திட்டின் வேகம்தான் இதற்கும். அச்சு அசல்.

செப்டம்பர் 25

தற்செயலாகவும் இருக்கலாம். இருக்கலாம்தானே?

அக்டோபர் 3

சொல்லவில்லை. தேர்வுக் குழுவில் ஒருவரும் இந்தக் கருவியைத் தொட்டதில்லை. இரண்டாம் கோணம் எங்கே என்று கேட்க மாட்டார்கள். மாமா ஒருவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பிறந்த நாள் முதல் மூடாத வாய், இப்போது மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது.

குலிஸ்தான் கேட்டாள்: "பல்லு வலியா?"

அக்டோபர் 11

வானம் திறந்துவிட்டது. துடைத்த கண்ணாடிபோல, வெட்கமே இல்லாமல்.

மத்தியானம் கீரா வந்தாள். சூப்பைக் கரண்டியால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"இன்னிக்கு ராத்திரி உங்க நேரத்துல ஒரு மணி நேரம் குடுப்பீங்களா மாமா? ரெண்டாம் கோணம் எடுக்கணும்."

"எதுக்கு? அழகா இருக்கே படம்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கும் தெரியும். இருபது நாளா ஒரு ஜோக்கும் அடிக்கலையே நீங்க."

"சும்மா விட்டுரு புள்ள. யாரு கேக்கப் போறா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொல்லலை. அப்புறம் பயமாப் போச்சு."

மலைமேல் தொலைநோக்கிக்குக் கிளம்பும் முன் வழக்கப்படி வாசலருகே இருவரும் பேசாமல் உட்கார்ந்தோம். பயணத்துக்கு முன் அப்படி உட்காராமல் எங்கள் மக்கள் போக மாட்டார்கள். "போதும், எழுந்திரிங்க" என்று சொல்வது எப்போதும் இளையவர். இன்று அவள் சொல்ல வெகுநேரமாயிற்று.

அக்டோபர் 12

இடம் மாறி ஓடிவிட்டது.

அங்கே ஒரே வேகம்தான். அமைதியான, ஆறிய வாயு. எதுவும் வந்து விழவில்லை. எதுவும் பிறக்கப் போவதில்லை.

கீரா அழவில்லை. "நல்லா கொழுத்த பேய், இல்ல மாமா?" என்றாள். நான்தான்... சரி, விடு. மேலே பனிக்காற்று, கண்ணில் நீர் வரத்தான் செய்யும்.

நவம்பர் 20

குழுவின் முன் நின்று இரண்டு படங்களையும் காட்டினாளாம். ஒருவர்கூடக் கேட்காததை அவளே சொன்னாளாம். கைதட்டினார்களாம். வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 30

பஸ் ஏற்றிவிட்டேன். அதற்கு முன் வீட்டில் அவள் பெட்டிமேல், நான் முக்காலியில். உலகத்தில் உள்ள எல்லா நகைச்சுவைகளையும் சொல்லி இழுத்தடிக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன், ஒன்றும் வரவில்லை.

"போதும் மாமா, எழுந்திரிங்க. உங்களைப் பார்த்தா நான்தான் உங்களை அனுப்பிவைக்கிற மாதிரி இருக்கு."

டிசம்பர் 29

புத்தாண்டுக்கு கிராஸ்னதார் வரச் சொல்லித் தொலைபேசியில் மிரட்டினாள். ஒரு யானைக்குப் போதுமான பாலாடைக்கட்டி கட்டிக்கொண்டேன். குலிஸ்தான் இன்னொரு யானைக்குக் கொடுத்தாள். தொப்பி, மப்ளர், டிக்கெட், எல்லாம் தயார்.

வழக்கப்படி வாசலருகே முக்காலியில் உட்கார்ந்தேன். எதிரே பெட்டி.

உட்கார்ந்தே இருந்தேன். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. எழுந்திரிங்க என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா.

நாளைக்கும் ஒரு பஸ் இருக்கிறது.