மேற்குக் கரையில் ஒன்றிரண்டு

அக்லூவாக் தீவு,
ஏப்ரல் 19

என்னைப் பெற்ற தாயும், என் தங்கைக்குப் பிறந்த மகளும், ஒட்டாவா நகரில் கப்பல் கம்பெனியின் ஏழாம் மாடியில் சுழல் நாற்காலி ஏறி ஆட்சி புரிபவளுமான உலாயுவின் திருச்சமூகத்துக்கு, உன் மகன் இனூசிக் மூக்கு பனியில் புதையும்படி விழுந்து வணங்கி எழுதுவது.

அம்மா, இங்கு எல்லோரும் நலம். என் அம்மா இறந்த வாரத்தில் பிறந்து அவள் பெயரை வாங்கிக்கொண்டவள் நீ, நம் வழக்கப்படி அவளேதான் நீ. ஆகவே இந்த அறுபத்துமூன்று வயதுப் பிள்ளை இருபத்தாறு வயதுத் தாய்க்கு முறையாகக் கடிதம் போட்டாக வேண்டும். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் இங்கே ஒருவர் தொலைபேசியை எடுத்தால் தீவின் நூற்றுநாற்பது பேரும் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். இது அப்படிப் பரவ வேண்டிய விஷயம் இல்லை.

உன் மாமி மீகாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. குறைந்த மறுநாளே என்னைத் திட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கிவிட்டாள். குளிரைப் பற்றிக் கேட்காதே. பிப்ரவரிக் காற்று என் பனிவண்டியின் நிழலைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. மார்ச் முழுவதும் நிழல் இல்லாமல்தான் ஓட்டினேன்.

இனி விஷயம். நீ அனுப்பிய உங்கள் கம்பெனி ஆள் டங்கன் வந்து ஐந்து நாள் தங்கிப் போனார். அவர் போட்டிருந்த சிவப்பு மேலங்கியைப் பார்த்து நிலா இரண்டு இரவு வெட்கப்பட்டு வெளியே வரவில்லை. செப்டம்பரில் உங்கள் கப்பல் நூற்றறுபது பயணிகளோடு இந்தப் பக்கம் வருமாம். அவர்களை ரப்பர் படகுகளில் இறக்க ஒரு கரை வேண்டுமாம். “மாமா, அவருக்கு உதவுங்கள்” என்று நீ எழுதியிருந்தாய். தாய் சொல்லைத் தட்டுவேனா? உதவினேன். ஆனால் அந்த ஆள் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்கிறார், புதுப் பனிக்கட்டியைத் தடியால் மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பது போல. இங்கே ஆழம் எவ்வளவு, அங்கே சரளையா பாறையா, ஆள் நடமாட்டமே இல்லாத அமைதியான கரை எது? நூற்றறுபது பேர் ஒன்றாகச் சேர்ந்து அமைதியைத் தேடி வருகிறார்கள் என்றால் யார் நம்புவது? அமைதி வேண்டுமென்றால் அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரலாமே. இவர் தங்கம் தேடுகிறாரோ, வேறு எதைத் தேடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது.

அதனால் அந்நியருக்குப் போட வேண்டிய தீனியைப் போட்டேன். தேவாலய மணியைத் திருடிப்போன கரடி ஞாயிறு தவறாமல் மலைக்கு அந்தப் பக்கம் அதை அடிக்கிறது என்றேன். எங்கள் கொசுக்கள் ஒன்பது நாய்களையும் வண்டியையும் சேர்த்துத் தூக்கிப் போய், வண்டி பிடிக்கவில்லை என்று திருப்பி வைத்த கதையைச் சொன்னேன். முதல் இரண்டு நாள் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினார். மூன்றாம் நாள் குறிப்பேட்டை மூடிவிட்டு வெறுமனே சிரித்தார். அங்கேதான் என் சந்தேகம் உறுதியானது. எழுதாமல் சிரிக்கிறவன் உள்ளுக்குள் எழுதுகிறான்.

நான்காம் நாள் வரைபடத்தில் விரலை வைத்தார். வைத்தது மேற்குக் கரையில். ஆகஸ்ட் கடைசியில் மீசையும் தந்தமுமாக அங்கே வந்து படுக்கும் வால்ரஸ்களை நீ அறிவாய். அந்த வாரங்களில் நம்மவர் எவரும் அந்தப் பக்கம் மோட்டார் ஓட்டுவதில்லை, தீ மூட்டுவதில்லை. பனிவண்டியில் கூட்டிப் போய்க் காட்டினேன். இப்போது அங்கே பனியும் அதற்கடியில் கல்லும் தவிர என்ன இருக்கும்?

“இங்க மிருகம் ஏதாச்சும் வருமா?” என்று கேட்டார். நம் தீவில் யாரைக் கேட்டாலும் சொல்லும் பதிலைத்தான் நானும் சொன்னேன். “ஒண்ணு ரெண்டு வரலாம்.”

அதற்கு அந்த மனிதர் என் தோளில் தட்டி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எதற்குச் சிரித்தார்? அது எனக்குத் தெரிய வேண்டும். அங்கே உன் அலுவலகத்தில் அவர் என்ன பேசுகிறார் என்று காது கொடு. மீகாவுக்கு நல்ல தேயிலை இரண்டு பொட்டலம் அனுப்பு.

நிழலை இன்னும் தேடிக்கொண்டிருக்கும்,
உன் மூத்த பிள்ளை இனூசிக்


அக்லூவாக் தீவு,
ஜூன் 24

அம்மா,

தேயிலை வந்தது. அதே விமானத்தில் ஊராட்சிக்கு உங்கள் கம்பெனியின் பயணத் திட்டமும் வந்தது. இன்று பெரிய வணக்கம் எதுவும் எழுத மனம் வரவில்லை. பொறுத்துக்கொள்.

மேற்குக் கரையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: “விலங்குகள் இல்லை. அமைதியான சரளைக் கரை. செப்டம்பர் 4. பன்னிரண்டு ரப்பர் படகுகள். மூன்று மணி நேரம். சூடான சாக்லேட், இசை.” கீழே டங்கனின் கையெழுத்து. அதற்கும் கீழே இன்னொன்று. வாலைச் சுழித்து மேலே தூக்கும் அந்த எழுத்தை, நீ பள்ளியில் எழுதப் பழகிய நாளிலிருந்து நான் பார்த்து வருகிறேன்.

ஊராட்சித் தலைவர் லூட்டி தாளை என் முன்னால் நகர்த்தினார். இது உங்கள் உலாயு போட்டதுதானா என்று கேட்டார். பேனா கசிந்திருக்கிறது, சரியாகத் தெரியவில்லை என்றேன். என் வாழ்நாளிலேயே மிகச் சிறிய பொய் அதுதான். ஆனால் மற்ற எந்தப் பொய்யும் தொண்டையில் இப்படிச் சிக்கியதில்லை. ஜூலை முடிவதற்குள் தீவு சம்மதம் சொல்ல வேண்டும். உன் பெயரைப் பார்த்துப் பாதிப் பேர் சம்மதித்தே விட்டார்கள். நம்ம பொண்ணு பார்த்துத்தானே போட்டிருப்பா என்கிறார்கள்.

நான் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து யோசிக்கிறேன். டங்கனுக்கு எல்லாம் தெரியும். பயணிகளுக்குத் திடீர் வேடிக்கை காட்டத்தான் “இல்லை” என்று எழுதியிருக்கிறார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், கம்பெனி அந்தக் கரையையே வளைத்துப் போடப் பார்க்கிறது என்று தோன்றுகிறது. ஐந்து நாளில் பதினாறு சதிகள் கண்டுபிடித்துவிட்டேன். பதினாறிலும் கடைசியில் உன் கையெழுத்து வந்து நிற்கிறது.

எனக்கு ஏழு வயதில் கடலாழம் அளக்க ஓர் அளவைப் படகு வந்தது உனக்குத் தெரியாது. கெட்டவர்கள் இல்லை. மேற்குக் கரையோரம் ஒரே ஒரு முறை மோட்டாரைப் போட்டார்கள். அவ்வளவுதான். படுத்திருந்த கூட்டம் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடலில் விழுந்தது. குட்டிகள் அடியில் நசுங்கின. அதன்பின் பதினோரு ஆண்டு அவை இந்தக் கரைக்குத் திரும்பவில்லை. கல்லுக்கடியில் புதைத்துப் புளிக்க வைக்க இறைச்சி இல்லை. நாய்கள் வண்டியின் தோல் வாரைத் தின்றன. என் அம்மா, அதாவது நீ, தன் பங்கை எங்களுக்குக் கொடுத்துவிட்டு எனக்குப் பசிக்கலையே என்று சொன்ன குளிர்காலங்கள் அவை. இதில் ஓர் எழுத்துகூட நான் பெரிதாக்கவில்லை. அது ஒரு மோட்டார். இது பன்னிரண்டு.

மூன்று ஆண்டுக்கு முன் செப்டம்பரில் நீ விடுமுறைக்கு வந்தாய். இயந்திரத்தை நிறுத்திப் படகை மிதக்க விட்டு அந்தக் கரையைக் காட்டினேன். என் சட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தாய். உன் கண்ணால் பார்த்தாய், அம்மா. பார்த்தவள் எப்படிக் கையெழுத்துப் போட்டாய்?

மீகா சொல்கிறாள்: “சும்மா கூரையையே பாத்துட்டுக் கெடக்காதே. அவகிட்டயே கேளு. சந்தேகத்தை வச்சுக்கிட்டு எனக்கு ஒரு குழம்பும் கொதிக்க மாட்டேங்குது.” ஆகவே கேட்கிறேன். பதில் அடுத்த விமானத்தில் வர வேண்டும்.

இனூசிக்


அக்லூவாக் தீவு,
ஜூலை 14

மூன்று கடலுக்கும் முப்பது பனிமலைக்கும் அப்பாலிருந்தே பிள்ளையின் கன்னத்தில் அறையும் ஆற்றல் படைத்த அன்னை உலாயுவுக்கு, அறை வாங்கிய கன்னத்தைத் தடவியபடி மகன் எழுதுவது.

உன் கடிதத்தை மீகாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்றாம் முறை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள், நான் விட்ட வரிகளையெல்லாம் சேர்த்து.

கையெழுத்துப் போடும் முன் அந்தக் கரையைப் பற்றி டங்கனிடம் நீ கேட்டிருக்கிறாய். “உங்க மாமாவே ஒண்ணும் வர்றதில்லைன்னு சொல்லிட்டாரே” என்று அவர் சொல்லியிருக்கிறார். நீயோ வேறு கணக்குப் போட்டாய்: என் மாமா கரடிக்கு மணி கட்டுவார், கொசுவுக்கு வண்டி கொடுப்பார். ஆனால் நம் கடல் மிருகங்கள் விஷயத்தில் மட்டும் வாய் நீளாது, ஆகவே அவை உண்மையிலேயே கரையை விட்டுப் போய்விட்டன, அந்தத் துக்கத்தை என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்திருக்கிறாய். கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கேட்டால் எனக்கு வலிக்கும் என்று கேட்காமல் இருந்திருக்கிறாய். நீ என் துக்கத்தை நினைத்து வாயை மூடினாய். நான் உன் கையெழுத்தைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

உடனே டங்கனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். தீவே கேட்டது. கேட்கட்டும் என்று விட்டேன். நான் ஒண்ணும் இல்லேன்னா சொன்னேன், ஒண்ணு ரெண்டுன்னுதானே சொன்னேன் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: “இனூசிக், உங்க கணக்கு எனக்கு மூணே நாள்ல பிடிபட்டுடுச்சு. நீங்க நூறுன்னா பத்து. பத்துன்னா ஒண்ணு.”

பக்கத்தில் நின்ற மீகா சிரித்த சிரிப்பில் அவள் முழங்கால் வலி திரும்ப வந்துவிட்டது. “ஒண்ணு ரெண்டைப் பத்தால வகுத்தா என்ன மிஞ்சும்? எல்லாத்தையும் ஊதி ஊதிப் பெருக்கினே. சின்னதாச் சொல்ல வேண்டியதைச் சொன்னப்ப அவன் அதையும் வகுத்துட்டான். கரைய எவனும் திருடல, வாயாடி. உன் வாய்தான் அள்ளிக் குடுத்துடுச்சு.”

பதினாறு சதிகளைக் கண்டுபிடித்தேனே, பதினாறுக்கும் காரணமானவன் முகம் மழிக்கும் கண்ணாடியில் நின்றான். டங்கன் நல்ல மனிதர்தான். அவர் மேலங்கியைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நிலா வந்தது.

கரையை மாற்றலாம், இன்னும் நேரமிருக்கிறது என்கிறார் அவர். ஆனால் அங்கே மிருகம் வரும் என்று மாதம் முடிவதற்குள் தீவுக்காரர் ஒருவர் எழுதித் தர வேண்டுமாம். ஒரு படிவம் வந்திருக்கிறது. அதில் ஒரு கட்டம்: எத்தனை? மூன்று நாளாக அந்தக் கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் வராதவற்றை வந்துவிட்டதாக எண்ணிக் காட்டுவது தற்பெருமை. அவற்றின் காதுக்கு அது போகும். தன்னை ஏற்கெனவே சட்டியில் போட்டுவிட்டதாகப் பேசுகிறவன் கரைக்கு யார் வந்து படுப்பார்கள்? டங்கனிடம் இதைச் சொன்னால் பத்தால் வகுப்பார். உனக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக இந்த உறையில் ஒரு படம் இருக்கிறது. அன்று படகில் என் சட்டைக் கையை விட்டுவிட்டு ஒரே ஒரு கணம் நீ எடுத்த படம். நம் அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தது. சட்டத்திலிருந்து கழற்றிவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. மீகா அங்கே நாட்காட்டியைத் தொங்கவிட்டிருக்கிறாள். படத்துக்கு வாய் கிடையாது. அது பெருமையடிக்காது. போன செப்டம்பரிலும் அதே படகில், அதே இடத்தில், இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

டங்கனின் மேசையில் அதை வை. எண்ணட்டும், மனதுக்குள். விரல் நீட்டி எண்ண வேண்டாம் என்று சொல். எதனாலும் வகுக்க வேண்டாம் என்றும் சொல்.

பிறகு அந்தச் சிவப்பு வட்டத்தை அழித்துவிடு, அம்மா. கப்பலை ஊர்க் கரைக்கு, கிழக்கே, கொண்டு வா. மீகா நூற்றறுபது பேருக்கும் ரொட்டி சுட்டுத் தருவாள். நான் மூன்று மணி நேரம் கதை சொல்கிறேன். நூறு என்றால் நூறு என்றே எழுதிக்கொள்ளட்டும். லூட்டியிடமும் போய்ச் சொல்லிவிட்டேன், பேனா கசியவில்லை, அது என் அம்மாவின் கையெழுத்துதான், தவறு என்னுடையது என்று.

மகன் தாயைச் சந்தேகப்பட்டது ஒரு குற்றம். மாமன் மருமகளைச் சந்தேகப்பட்டது இன்னொன்று. இரண்டையும் ஒரே தபாலில் செய்தவன் இந்தத் தீவில் நான் ஒருவன்தான். எந்தக் குற்றத்தை முதலில் மன்னிப்பது என்பதை நீயே முடிவு செய்.

செப்டம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. படகின் நடு இருக்கை உனக்கு. கனமான கையுறை கொண்டு வா. இயந்திரத்தை நான் நிறுத்திவிடுகிறேன். உனக்கு முன் உன் பெயரைச் சுமந்தவள் உன்னைக் காப்பாள். உன் கை எழுதுவதெல்லாம் நல்லபடி முடியட்டும்.

எதற்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்காதே. ஒன்றிரண்டு வரலாம்.

உன் மகன்,
இனூசிக்